பெரோவ்ஸ்கைட் எல்இடியின் திறனையும் வெளிச்சத்தையும் கூட்டுவது எப்படி: ஒழுகும் இடம் தேடும் முழு வழிகாட்டி

பாடாங் செராயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ரப்பர் பால்மரக்காடு முக்கால்வாசி செம்பனையாகிவிட்டது. சனிக்கிழமை ஊருக்கு வந்தால் அந்தப் பக்கத்து ஒட்டுக்கடையில் சித்தப்பா மகனோடு ஒரு தே தாரிக் நிச்சயம். அவன் கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எல்இடி சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறான். போன மாதம் கேட்டான்: “அண்ணே, நாங்க ஒரு ஷிப்ட்ல ஆயிரக்கணக்குல எரிய வெச்சுப் பார்த்துடுறோம். நீங்க மூணு மாசமா அந்த ஒரே பச்சைப் புள்ளியைப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்கீங்களே?”

நியாயமான கேள்விதான். அவன் கைக்கு வருவது காலியம் நைட்ரைடு, 1000 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் படிகத் தட்டின்மேல் அடுக்கடுக்காக வளர்த்தது. என்னுடையது பெரோவ்ஸ்கைட், மை மாதிரி ஒரு கரைசல். கண்ணாடிமேல் சொட்டி, சுழற்றி, 100 டிகிரிக்குள் சூடுகாட்டினால் தானாகப் படிகமாகும், அதுவும் நிறம் 20 நானோமீட்டர் அகலத்துக்குள் அடங்கும்படி, திரைக்காரர்கள் ஆசைப்படும் சுத்தமான பச்சையாக. விலை, நிறம் இரண்டிலும் ஆசை காட்டும் பொருள், ஆயுளில் காலை வாரிவிடும். இந்த வழிகாட்டியை அவனுக்குப் பதிலாகவும், முதுநிலை ஆய்வுக்குப் புதிதாக வந்து “ரெசிபி குடுங்க அண்ணே” என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்காகவும் எழுதுகிறேன். ரெசிபி தருகிறேன், ஆனால் அதைவிட ஒழுகல் எங்கே என்று தேடும் முறைதான் உங்களுக்கு நிஜமாக உதவும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. இது வீட்டுக் கொல்லையில் செய்கிற வேலை இல்லை. இதில் ஈயம் இருக்கிறது, குளோரோஃபார்ம் இருக்கிறது, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானோ தோலுக்குள் ஊடுருவி, தன்னில் கரைந்திருப்பதையும் உள்ளே கூட்டிப்போகக்கூடியது. ஆய்வுக்கூடம், கையுறை, புகைப்போக்கி, ஈயக் கழிவுக்குத் தனி டப்பா, இதெல்லாம் இல்லாவிட்டால் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தப் பொருள் வந்த வழி

பெரோவ்ஸ்கைட் என்பது முதலில் ஒரு கல்லின் பெயர். யூரல் மலையில் கிடைத்த கனிமம் ஒன்றை 1839-இல் குஸ்டாவ் ரோஸ் விவரித்து, ரஷ்யாவின் பெரோவ்ஸ்கி என்பவர் பெயரை அதற்கு வைத்தார். நாம் பயன்படுத்துவது அந்தக் கல்லை இல்லை, அதன் அடுக்கமைப்பை: ஒரு பெரிய அயனி (சீசியம், மெத்தில்அம்மோனியம், ஃபார்மமிடினியம், இவற்றில் ஒன்று), ஓர் உலோகம் (ஈயம்), மூன்று ஹாலைடு. ஹாலைடு அயோடைடாக இருந்தால் சிவப்பும் அகச்சிவப்பும், புரோமைடு பச்சை, குளோரைடு கலந்தால் நீலத்தை நோக்கிப் போகும்.

2014-இல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃப்ரெண்டின் குழு இதை அறை வெப்பத்தில் எல்இடியாக எரியவைத்தபோது பச்சையின் திறன் வெறும் 0.1 விழுக்காடு, அகச்சிவப்பில் 0.76. அடுத்த ஆண்டே தென் கொரியாவின் போஹாங்கில் தே-வூ லீயின் குழு பச்சையை 8.53-க்குக் கொண்டுபோனது. 2018-இல் ஒரே ஆண்டில் பல குழுக்கள் 20-ஐத் தாண்டின. 2022-இல் மறுபடியும் லீயின் குழு, 28.9 விழுக்காடும், உச்சத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 470,000 கேண்டெலாவும் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). இந்தக் கட்டுரைகளை வரிசையாக வைத்துப் படித்தால், ஒவ்வொரு தடவையும் யாரோ ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்திருப்பது தெரியும். நாமும் அதையே செய்வோம்.

முதல் படி: கணக்கு

குளோவ் பாக்ஸுக்குள் (நைட்ரஜன் நிரப்பி, கையுறை பதித்த மூடிய பெட்டி) கையை விடும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். உள்ளே அனுப்பும் நூறு எலக்ட்ரானுக்கு எத்தனை ஒளித்துகள் வெளியே வந்து சேர்கிறது என்பதுதான் ஈக்யூஇ, அதாவது புறக் குவாண்டம் திறன். மரத்தில் வடிந்த பாலில் ஸ்டோர் தராசுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று பார்ப்பதைப்போல. வழியில் மூன்று இடத்தில் ஒழுகும்:

ஒன்று, எலக்ட்ரானும் ஹோலும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம், நேர்மின்னாக நகர்வது) ஒன்றையொன்று சந்திக்காமலே மறுபக்கம் ஓடிப்போவது. இரண்டு, சந்தித்தும் ஒளி தராமல் வெப்பமாகப் போவது. மூன்று, ஒளி பிறந்தும் சாதனத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்வது. மூன்றையும் பெருக்கினால் ஈக்யூஇ. 0.9, 0.9, 0.2 என்று வைத்துக்கொண்டால் 0.162, அதாவது 16 விழுக்காடு. இதில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டையும் நீங்கள் குறையே இல்லாமல் செய்தாலும் சமதளமான சாதனத்தில் வெளியே வருவது பெரும்பாலும் 20-லிருந்து 25 விழுக்காடுதான். உங்கள் சாதனம் 5 விழுக்காட்டில் நிற்கிறது என்றால் பழி மூன்றாவதின்மேல் இல்லை. லென்ஸ் ஒட்டுகிற வேலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

வெளிச்சம் வேறு கணக்கு. ஓர் ஆம்பியருக்கு எத்தனை கேண்டெலா என்ற எண்ணை, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை ஆம்பியர் என்பதால் பெருக்கினால் வெளிச்சம். 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் புள்ளி ஒன்று. அதில் 0.4 மில்லிஆம்பியர் ஓடினால் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர், அதாவது சதுர மீட்டருக்கு 100 ஆம்பியர். சாதனம் ஆம்பியருக்கு 80 கேண்டெலா தருமானால் வெளிச்சம் 8,000. கைப்பேசித் திரை சாதாரணமாகச் சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்தில் ஓடுவது, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு மனக்கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பல தடவை மானம் காத்தது: 525 நானோமீட்டர் பச்சையில், எல்லாத் திசைக்கும் சீராகப் பரவும் ஒளி என்றால், ஈக்யூஇ ஒரு விழுக்காட்டுக்கு ஆம்பியருக்கு ஏறக்குறைய 4 கேண்டெலா. 80 வந்தால் 20 விழுக்காடு. அதே சாதனத்தின் உச்சம் 515-க்கு நகர்ந்தால் ஒரு விழுக்காட்டுக்கு 3.2 அளவுதான், ஏனென்றால் நம் கண்ணின் உச்ச உணர்வு 555-இல், அதைவிட்டு விலக விலகக் கண்ணுக்கு மங்கல். ஆக “வெளிச்சம் குறைந்துவிட்டதே” என்று அலறும் முன் நிறமாலையைப் பாருங்கள். திறன் குறையாமல் நிறம் மட்டும் நகர்ந்திருக்கலாம்.

இரண்டாம் படி: கண்ணாடி

இதில் சொல்ல அதிகமில்லை, ஆனால் தவறவிட்டால் பின்னால் வருகிற எல்லாமே வீண். ஐடிஓ (மின்சாரம் கடத்தும், ஒளி புகும் பூச்சு) பூசிய கண்ணாடியை சோப்புத் தண்ணீர், அயனி நீக்கிய தண்ணீர், அசிட்டோன், ஐசோபுரோப்பனால் என்று வரிசையாக அல்ட்ராசோனிக் தொட்டியில் ஒவ்வொன்றிலும் 10, 15 நிமிடம். நைட்ரஜன் ஊதிக் காயவைத்து, யூவி-ஓசோனில் 15, 20 நிமிடம். ஓசோனிலிருந்து எடுத்ததும் அடுத்த பூச்சைப் போட்டுவிடுங்கள். நம் ஊர் காற்றில் ஈரம் 80 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தொடும், மதிய மழைக்கு அப்புறம் இன்னும் ஏறும், பசியாறப் போய்விட்டு வந்து பூசலாம் என்று கண்ணாடியை வெளியே விட்டால் மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டியதுதான்.

மூன்றாம் படி: ஹோல் அடுக்கு

ஹோலை உள்ளே கொண்டுவரும் அடுக்கு இது. எல்லோரும் பெடாட்-பிஎஸ்எஸ் என்ற மின்சாரம் கடத்தும் பாலிமரில்தான் ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான். 0.45 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, நிமிடத்துக்கு 4000, 5000 சுற்றில் சுழற்றி, 140, 150 டிகிரியில் 15, 20 நிமிடம் சூடாக்கினால் 30, 40 நானோமீட்டர் வரும். சுலபம். ஆனால் அதற்கு மூன்று கெட்ட குணம்: அமிலம், ஈரத்தை இழுக்கும், பெரோவ்ஸ்கைட்டைத் தொட்ட இடத்தில் ஒளியை அணைக்கும். போதாக்குறைக்கு அதன் ஆற்றல் மட்டம் 5.2 எலக்ட்ரான்வோல்ட் அளவில், புரோமைடு பெரோவ்ஸ்கைட்டுடையது 5.8, 6.0 பக்கம். ஹோல் அந்தப் படியை ஏறவேண்டும்.

அதனால் இரண்டுக்கும் நடுவில் இன்னொரு மெல்லிய அடுக்கு போடுங்கள். பிவிகே, பாலி-டிபிடி, டிஎஃப்பி, இவற்றில் எது கிடைக்கிறதோ அது. நிக்கல் ஆக்சைடுக்குப் போகிறவர்களும் உண்டு, ஃபாஸ்போனிக் அமில முனை கொண்ட ஒற்றை மூலக்கூறு அடுக்கை ஐடிஓமேல் நேராகப் போடுகிறவர்களும் உண்டு. இந்த பாலிமர்களில் ஒரு தொல்லை: டிஎம்எஸ்ஓ கரைசல் அதன்மேல் படராது, சேம்பு இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். மேலே ஒரு நானோமீட்டர் லித்தியம் ஃபுளோரைடு அல்லது மெல்லிசாக பிவிபி என்ற பாலிமர் பூசினால் படரும்.

நான்காம் படி: மையும் படலமும்

இங்கேதான் நேரம் செலவழியுங்கள்.

நான் தொடங்கும் கலவை இது: லெட் புரோமைடு 1 பங்கு, சீசியம் புரோமைடு 1.1-லிருந்து 1.2, ஃபீனைல்எத்தில்அம்மோனியம் புரோமைடு (சுருக்கமாக பிஇஏ) 0.4, டிஎம்எஸ்ஓவில், ஈயத்தின் செறிவு 0.2 மோலார். சீசியம் புரோமைடு டிஎம்எஸ்ஓவில் லேசில் கரையாது, 0.5 மோலார் பக்கம் போனால் தகராறு பண்ணும். 60 டிகிரியில் இரவு முழுக்கக் கலக்கவிட்டு, காலையில் 0.2 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். கொஞ்சம் கிரவுன் ஈதர் சேர்த்தால் சீசியத்தைப் பிடித்துக் கரைக்கும், படலமும் மழமழவென்று வரும்.

சீசியம் ஏன் கொஞ்சம் கூட? ஈயம் மிஞ்சினால் உலோக ஈயமாகத் தேங்கும், அந்த இடத்துக்கு வரும் எலக்ட்ரானும் ஹோலும் ஒளி தராமல் செத்துவிடும். 2015-இல் லீயின் குழு செய்த முக்கியமான காரியம் இதுதான், மெத்தில்அம்மோனியம் புரோமைடைச் சற்று மிகையாகச் சேர்த்து உலோக ஈயத்தை ஒழித்தார்கள். இன்னொன்று, படிகத்தைச் சிறிதாக்கினார்கள், எலக்ட்ரானும் ஹோலும் சின்ன அறைக்குள் அடைபட்டுச் சீக்கிரம் சந்திக்கட்டும் என்று.

பிஇஏவின் வேலையும் ஏறக்குறைய அதுதான். அந்தக் கொழுத்த மூலக்கூறு பெரோவ்ஸ்கைட் அடுக்குக்குள் நுழையமுடியாமல் இடையிடையே சுவர் எழுப்பும். ஓரடுக்கு, ஈரடுக்கு, ஐந்தடுக்கு என்று பலவகைத் துண்டுகள் கலந்து உருவாகும். மெல்லிய துண்டில் ஆற்றல் அதிகம், தடித்ததில் குறைவு, அதனால் எங்கே பிறந்த ஆற்றலும் பைக்கோவினாடிக் கணக்கில் தடித்த துண்டுக்கு வந்து விழுந்து அங்கே ஒளியாகும். சின்னச் சின்ன வாய்க்கால் எல்லாம் ஒரே குட்டைக்கு வந்து சேர்வதுபோல. பிஇஏ அதிகமானால் ஓரடுக்குத் துண்டு மிஞ்சி, மின்சாரமே ஏறாது. குறைந்தால் படிகம் பெரிதாகி ஊசித்துளை விழும்.

இனி ஊற்றும் நேரம். எங்கள் அப்பா தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட் போட்டவர். தண்ணீர் கலந்த பாலில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றி உறையவைப்பதில் அவர் கை கணக்கு தப்பாது. அதிகம் போனால் கல்லாகும், குறைந்தால் ரோலரில் பிய்யும். “கடிகாரத்தைப் பார்க்காதடா, பாலைப் பாரு” என்பார். சுழலும் படலத்தின்மேல் குளோரோஃபார்மோ குளோரோபென்சீனோ ஊற்றும் அந்த நொடியில் எனக்கு எப்போதும் அவர் ஞாபகம்தான் வரும், ஏனென்றால் இதுவும் உறையவைக்கிற வேலையே. டிஎம்எஸ்ஓவை விரட்டி, ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் படிகம் முளைக்கவைக்க வேண்டும். சீக்கிரம் ஊற்றினால் படலம் மறுபடி கரைந்து வட்டம் வட்டமாகும். தாமதித்தால் ஏற்கெனவே முளைத்த சில படிகங்கள் மட்டும் பெருத்து, படலம் வெளிறிப்போகும்.

நிமிடத்துக்கு 4000 சுற்றில் 60 வினாடி ஓட்டுகிறீர்கள் என்றால் சரியான கணம் பெரும்பாலும் 20-க்கும் 40-க்கும் இடையில் இருக்கும். மூன்று வினாடிக்கு ஒன்றாக ஏழு கண்ணாடி செய்து பாருங்கள். மற்றவர் கட்டுரையில் உள்ள வினாடியை நம்பாதீர்கள், அது அவர்கள் பெட்டிக்கு உரியது. பைப்பெட் நுனி கண்ணாடிக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, நடுவில், ஒரே மூச்சில், அடித்துவிடாமல் வழியவிடுவதுபோல. அப்புறம் 70, 80 டிகிரியில் பத்து நிமிடம். 30-லிருந்து 50 நானோமீட்டர் தடிமன் போதும்.

உடனே 365 நானோமீட்டர் யூவி டார்ச்சில் காட்டுங்கள். ஓரம் முதல் நடுவரை ஒரே பச்சையாக மின்னினால் நல்லது. வால்நட்சத்திரம் மாதிரி கோடு தெரிந்தால் தூசு, வடிகட்டி கிழிந்திருக்கும். நடுவில் மங்கல் வட்டம் என்றால் ஊற்றியது வேகம்.

எனக்கு நேர்ந்த ஒரு கூத்து. ஆறு வாரம் ஓடியது, காலையில் செய்த படலமெல்லாம் கண்ணைப் பறிக்கும், மாலையில் செய்தது எல்லாம் சோகையாக இருக்கும். கரைசல் கெட்டுவிட்டது என்று புதிதாகக் கரைத்தேன், கண்ணாடியை மாற்றினேன், பெட்டியின் ஆக்சிஜன், ஈரம் இரண்டும் 1 பிபிஎம்முக்குக் கீழே என்று மீட்டர் சத்தியம் பண்ணியது. கடைசியில் பார்த்தால் பெட்டிக்குள் நாள் முழுக்கச் சேர்ந்த டிஎம்எஸ்ஓ ஆவியும் குளோரோஃபார்ம் ஆவியும்தான். ஆவி நிறைந்த இடத்தில் படலம் சீக்கிரம் உலராது, சரியான கணமே தள்ளிப்போய்விடும். மீட்டர் அதைக் காட்டாது. இப்போது நாலு கண்ணாடிக்கு ஒருமுறை நைட்ரஜன் விட்டுப் பெட்டியைச் சுத்தமாக்குகிறேன். பாலும் காலையில்தான் நன்றாக வடியும், வெயில் ஏறினால் நின்றுவிடும் என்று அம்மா சிரித்தார்.

ஐந்தாம் படி: படிகத்தின் காயங்களை மூடுவது

இதை பாசிவேஷன் என்கிறோம். படிகத்தின் மேற்பரப்பில் புரோமைடு உதிர்ந்த இடத்தில் ஈய அயனி பாதி நிர்வாணமாக நிற்கும், வரும் எலக்ட்ரானைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்கு ஓர் எலக்ட்ரான் ஜோடி தரக்கூடிய மூலக்கூறைக் கொடுத்தால் அடங்கும். பாஸ்பரசும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் உள்ளவை, டிஓபிஓ, டிரைஃபீனைல்பாஸ்ஃபீன் ஆக்சைடு போன்றவை, இதற்குப் பேர்போனவை. குளோரோஃபார்மிலேயே லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் கலந்து ஊற்றிப் பாருங்கள், தனி வேலை மிச்சம். அளவு மீறினால் அதுவே காப்புறையாகி மின்சாரத்தைத் தடுக்கும். பளபளப்பு கூடியும் மின்னழுத்தம் அரை வோல்ட் ஏறினால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

2022-இன் 28.9 விழுக்காடு சாதனத்தில் பென்சைல்பாஸ்போனிக் அமிலத்தைப் படலத்துக்குள் ஊடுருவவிட்டு, பெரிய படிகங்களைச் சிறு மணிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் உறைபோலச் சூழவைத்தார்கள். காயத்தை மூடுவதும் சின்ன அறைக்குள் அடைப்பதும் ஒரே மூலக்கூறில் நடந்தது, அதே நேரம் சுவர் மெல்லிசு, மின்சாரம் போகத் தடையில்லை. நான் படித்ததில் மிகவும் பிடித்த தந்திரம் இது.

ஆறாம் படி: ஒழுகல் எங்கே?

இந்தப் படியைத் தாவிக்கொண்டு போகிறவர்கள்தான் ஆறு மாதம் வீணாக்குகிறார்கள். சாதனம் முழுவதையும் செய்து ஈக்யூஇ குறைவு என்று பார்த்து, எதை மாற்றுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றுவார்கள்.

ஒரே நாளில், ஒரே கரைசலில் மூன்று மாதிரி செய்யுங்கள்: வெறும் கண்ணாடிமேல் பெரோவ்ஸ்கைட், ஹோல் அடுக்குமேல் பெரோவ்ஸ்கைட், ஹோல் அடுக்குமேல் பெரோவ்ஸ்கைட் அதன்மேல் எலக்ட்ரான் அடுக்கு. மூன்றுக்கும் பிஎல்கியூஒய் அளவிடுங்கள், அதாவது ஒளியை உள்ளே கொடுத்தால் நூற்றுக்கு எவ்வளவு ஒளியாகத் திரும்புகிறது என்று, உருண்டை வடிவ இன்டெக்ரேட்டிங் ஸ்பியரில் வைத்து. 80, 75, 35 என்று வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். படலம் நன்று, கீழ் இடைமுகம் பரவாயில்லை, மேலேதான் கொலை நடக்கிறது. எலக்ட்ரான் அடுக்கை மாற்றுங்கள், அல்லது நடுவில் பாசிவேஷன் மூலக்கூறு ஒன்றை விரியுங்கள். மாறாக 80, 30, 28 என்றால் பெடாட் பக்கம் திரும்புங்கள். முதலே 25 என்றால் மறுபடி நான்காம் படிக்கே.

லேசரை மிக வலுவாக அடித்து அளவிட்டால் எந்தப் படலமும் நல்லதாகத் தெரியும், எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் பொறிகள் (ஐந்தாம் படியில் பார்த்த காயங்கள்) எல்லாம் நிரம்பிவிடுவதால். சாதனம் ஓடும்போது இருக்கும் அளவுக்கு ஒப்பான வலுவில் அளவிடுங்கள்.

ஏழாம் படி: எலக்ட்ரான் பக்கமும் சமநிலையும்

வெற்றிடத்தில், பத்து லட்சத்தில் ஒரு பங்கு மில்லிபார் அழுத்தத்தில், எலக்ட்ரான் கடத்தும் டிபிபிஐ 40 நானோமீட்டர், லித்தியம் ஃபுளோரைடு 1, மேல் மின்முனையாக அலுமினியம் 100 என்று ஆவியாக்கிப் படியவையுங்கள். பிஓ-டி2டி என்ற பொருளில் எலக்ட்ரான் வேகம் அதிகம், அதில் பாஸ்பரஸ்-ஆக்சிஜன் பிணைப்பும் இருப்பதால் மேற்பரப்புக் காயத்தையும் கொஞ்சம் ஆற்றும். ஆனால் ஒரு பக்கம் வேகம் கூடினால் மறுபக்கமும் ஈடுகொடுக்க வேண்டும். எலக்ட்ரான் மட்டும் ஓடும் சாதனம் ஒன்று, ஹோல் மட்டும் ஓடும் சாதனம் ஒன்று செய்து இரண்டின் மின்னோட்டக் கோட்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். பத்து மடங்கு இடைவெளி தெரிந்தால் அதிகமாக ஓடும் பக்கத்தின் அடுக்கைத் தடிமனாக்குவதோ, குறைவாக ஓடும் பக்கத்துப் படியைச் சிறிதாக்குவதோ செய்யவேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், மின்னழுத்தம் ஏறாது.

ஒளி தொடங்கும் மின்னழுத்தம் பச்சைக்கு 2.4 வோல்ட் பக்கம் இருந்தால் நலம். 3.5 என்றால் எங்கோ படி உயரம். ஒளி வரும் முன்பே மின்னோட்டம் ஏறினால் ஊசித்துளை, பால் பிடிக்கும் மங்கு (கிண்ணம்) வெடித்துத் தரைக்கு ஒழுகுவது மாதிரி.

எட்டாம் படி: வெளிச்சத்தை ஏற்றும்போது திறன் ஏன் இறங்குகிறது

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில். 1,000 கேண்டெலாவில் 20 விழுக்காடு தந்த சாதனம் 50,000-இல் 6 தரும். மூன்று குற்றவாளி உண்டு.

ஆஜர் என்ற நிகழ்வு: எலக்ட்ரானும் ஹோலும் சந்திக்கும்போது பிறக்கும் ஆற்றலை மூன்றாவது ஆள் ஒருவன் வாங்கிக்கொண்டு வெப்பமாக்குவது. பொறியில் விழுவது எலக்ட்ரான், ஹோல் கூட்டத்தின் அடர்த்திக்கு நேர்விகிதம், ஒளியாவது அந்த அடர்த்தியின் இருமடிக்கு, ஆஜர் மும்மடிக்கு. ஆகக் குறைந்த மின்னோட்டத்தில் பொறி ஜெயிக்கும், நடுவில் ஒளி, உச்சத்தில் ஆஜர். நான்காம் படியில் சின்ன அறை நல்லது என்று சொன்னேன் இல்லையா, அதன் விலை இங்கே தெரியும். அறை சிறுத்தால் நெரிசல் கூடி ஆஜரும் கூடும். மங்கலான வெளிச்சத்தில் சாதனை எண் வேண்டுமா, கடும் வெளிச்சம் வேண்டுமா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். கடும் வெளிச்சத்துக்கு பிஇஏவைக் குறைத்து அடுக்குகளைத் தடிமனாக்குங்கள், அல்லது ஃபுளோரின் சேர்ந்த பிஇஏவுக்கு மாறுங்கள், அதில் எலக்ட்ரானும் ஹோலும் அவ்வளவு இறுக்கமாகக் கட்டிப்பிடிப்பதில்லை, ஆஜர் தணியும்.

இரண்டாவது வெப்பம். சதுர சென்டிமீட்டருக்கு 500 மில்லிஆம்பியர், 5 வோல்ட் என்றால் 2.5 வாட். பெரும்பகுதி வெப்பம்தான். கண்ணாடி வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறி, நீலமணித் தட்டு அதைவிட ஏறத்தாழ முப்பது நாற்பது மடங்கு, சிலிக்கான் நூறு மடங்குக்கும் மேல். தட்டை மாற்றமுடியாவிட்டால் புள்ளியைச் சுருக்குங்கள். சின்னப் புள்ளியின் வெப்பம் பக்கவாட்டிலும் கசிந்து போகும்.

மூன்றாவது சமநிலை குலைவது, ஏழாம் படியில் பார்த்ததுதான்.

மூன்றில் எது என்று எப்படித் தெரியும்? சில மைக்ரோவினாடித் துடிப்பாக, நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் மின்சாரம் கொடுத்து அளவிடுங்கள். துடிப்பில் திறன் இறங்கவில்லை, தொடர்ச்சியாகக் கொடுத்தால் இறங்குகிறது என்றால் வெப்பம். துடிப்பிலும் இறங்கினால் ஆஜர் அல்லது சமநிலை. ஒளியை மட்டும் கொடுத்து வலுவை ஏற்றினாலும் பிஎல்கியூஒய் அதே அடர்த்தியில் இறங்கினால் ஆஜர்.

ஒன்பதாம் படி: சிக்கிய ஒளியை வெளியே எடுப்பது

பெரோவ்ஸ்கைட்டின் ஒளிவிலகல் எண் 2-க்கு மேல், கண்ணாடி 1.5. சாய்ந்து வரும் ஒளி எல்லாம் உள்ளேயே திரும்பும். இந்தப் பொருளில் ஒரு கொடுப்பினை, சிக்கிய ஒளியை அதுவே விழுங்கி மறுபடி உமிழும், அடுத்த தடவை வெளியே வர இன்னொரு வாய்ப்பு. ஆனால் படலத்தின் பிஎல்கியூஒய் உச்சத்தில் இருந்தால்தான் இது லாபம், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சாகும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். படலத்தை மெல்லிசாக்குவது, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது, 2018-இன் 20.7 விழுக்காடு அகச்சிவப்புச் சாதனத்தில் வந்ததுபோலத் தானாகத் தனித்தனித் தட்டுகளாகப் படிகம் அமையவிடுவது, எல்லாம் உதவும். வெளியே அரைக்கோள லென்ஸ் ஒட்டினாலும் எண் ஏறும், ஒட்டினால் ஒட்டியதாக எழுதுங்கள்.

பத்தாம் படி: அளவீடு, ஆயுள்

முடிந்தால் ஸ்பியருக்குள் வைத்தே அளவிடுங்கள், கண்ணாடியின் ஓரத்திலிருந்து கசியும் ஒளியை மறைத்துவிட்டு. நேர்முகமாக மட்டும் அளந்து, எல்லாத் திசைக்கும் சமமாகப் பரவுகிறது என்று ஊகித்தால் எண் உப்பிவிடலாம். புள்ளியின் பரப்பை நுண்ணோக்கியில் அளவெடுங்கள், முகமூடித் தகட்டில் 4 சதுர மில்லிமீட்டர் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். சிறந்த ஒரு புள்ளியின் எண்ணோடு குறைந்தது இருபது புள்ளியின் சராசரியையும் எழுதுங்கள். என் தம்பி இதைக் கேட்டுவிட்டு, “இருபதா, எங்க சூப்பர்வைசர் சிரிப்பாரு” என்றான்.

நீலம் வேண்டுமென்று குளோரைடும் புரோமைடும் கலந்தால், ஓடும்போது இரண்டும் பிரிந்து நிறம் பச்சைக்கு ஓடும். முதலில் பச்சையில் கை தேறுங்கள். ஈயத்தைப் பற்றியும் கேட்பார்கள், மின்னணுப் பொருளில் நச்சுக்கு வரம்பு வைக்கும் ஐரோப்பிய ஆர்ஓஎச்எஸ் விதியில் ஈயத்துக்கு வரம்பு எடையில் 0.1 விழுக்காடு.

ஆயுளுக்கு, பெட்டிக்குள்ளேயே யூவி பசையும் மூடிக் கண்ணாடியும் போட்டு அடைத்துவிட்டு, மின்னோட்டத்தை நிலையாக வைத்து, வெளிச்சம் பாதியாகும் நேரத்தைக் குறியுங்கள். எந்த வெளிச்சத்தில் தொடங்கினீர்கள் என்பதும் கூடவே வேண்டும், 100-இல் ஓடுவதும் 1,000-இல் ஓடுவதும் ஒன்றல்ல. அந்த 2022 சாதனம் 1,000 கேண்டெலாவில் 520 மணி நேரம் நின்றது. என்னுடைய நல்ல புள்ளி ஒன்றும் மூன்றாவது இரவைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது, சாயங்காலம் இடி இறங்கிக் கரண்ட் போனது, பதிவு மொத்தமும் போச்சு. குளோவ் பாக்ஸுக்கு யூபிஎஸ் வைத்திருந்தோம், சோதனை மேசைக்கு வைக்கவில்லை. அதற்கும் ஒன்று வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள்.